ஹெரால்டின் கூரை

மதுரை பைபாஸ் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி இரண்டு தெரு தாண்டினால் ஒரு தகரக் கொட்டகை. போன மாசியில் அங்கே ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பார்க்கப் போயிருந்தேன். பானெட் இரண்டு மட்கார்டுகளையும் சேர்த்துக்கொண்டு ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து கிடந்தது. ஹெரால்டுக்கு அது ஒரு தனி அழகு. மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கலாம். டிங்கர் கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தெடுத்து, சேஸிஸ் எண் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்து உரசினார். எண் ஒவ்வொன்றாகத் தாளில் எழுந்து வந்தது. ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டிய தாள்.

காருக்குக் கூரை இல்லை.

"மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விட எங்கப்பா வெட்டிட்டாருண்ணே. எழுபத்தாறோ எழுபத்தேழோ. இப்ப இது வின்டேஜ் கணக்குல வருமா? பழைய கார் ரேஸ்ல விடுவாங்களா?" என்றார் காருக்குச் சொந்தக்காரர்.

எந்த நாட்டு விதியைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து, வரும் என்றும் சொல்லலாம், வராது என்றும் சொல்லலாம். அன்று அவருக்கு ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கடனைத்தான் இங்கே தீர்க்கப் பார்க்கிறேன்.

எதை எதோடு ஓடவிடுவது என்ற சண்டை நமக்குப் புதிதல்ல. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெரிய மாடு, நடு மாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவுகள் உண்டு. தேனி, கம்பம் பக்கம் போனால் கரிச்சான், தேன்சிட்டு, தட்டான்சிட்டு, புள்ளிமான் என்று பட்டியல் நீளும். கொங்குப் பகுதி ரேக்ளாவில் 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரமே தனித்தனி. மாட்டுக்கு நிலைப்பல் முதல் ஜோடி ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வயதில் முளைக்கும். எட்டுப் பல்லும் சேர ஐந்து வயதாகிவிடும். அதனால் வாயைத் திறந்து பார்ப்பவனிடம் வயசை மறைக்க முடியாது. உடம்பு விஷயம் அப்படியல்ல. நடு மாட்டுக்கும் பெரிய மாட்டுக்கும் இடையில் நிற்கிற ஒரு ஜோடி வந்துவிட்டால் போதும், வண்டி பூட்டுமுன்பே மரத்தடியில் ஒரு பந்தயம் நடந்து முடிந்துவிடும். பழைய கார்களின் கதையும் அதேதான். தயாரித்த வருடம் பல் மாதிரி, பார்த்துச் சொல்லிவிடலாம். வம்பெல்லாம் பாடியில்தான்.

ஏன் பாடியில் இத்தனை வம்பு? கரூருக்குப் போகும் வெறும் பஸ் சேஸிஸ்களை நம் நான்குவழிச் சாலைகளில் எல்லோரும் பார்த்திருப்போம். எஞ்சின், ஸ்டீயரிங், நாலு சக்கரம், இரண்டு இரும்புத் தண்டவாளம். ஓட்டுநர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருப்பார். கம்பெனி சேஸிஸ்தான் கொடுக்கும், பாடியைக் கரூரில் கட்டிக்கொள்ள வேண்டும். 1920, 30-களில் உயர்ந்த ரகக் கார்கள் பெரும்பாலும் இப்படித்தான் விற்கப்பட்டன. பென்ட்லி கம்பெனி சேஸிஸைத் தரும். வாங்குகிறவர் வான்டன் பிளா போன்ற பாடி கட்டும் பட்டறைக்குக் கொண்டுபோய்த் தன் விருப்பத்துக்குக் கட்டிக்கொள்வார். ஒரே மாடல், ஒரே வருடம், ஆனால் ஒன்று மூடிய சலூன், இன்னொன்று திறந்த டூரர். சென்னையில் 1840-ல் குதிரைவண்டி கட்டத் தொடங்கிய சிம்சன் கம்பெனியும் இந்த மரபில் வந்ததுதான். 1903-ல் அங்கே ஒரு நீராவிக் காரையே செய்து ஓட்டியிருக்கிறார்கள்.

சேஸிஸுக்கும் பாடிக்கும் இப்படி ஆளுக்கொரு தகப்பன் இருந்த காலத்தில் "ஒரிஜினல் பாடி" என்ற பேச்சு அரைகுறையானது. மழைக்கு ஒரு பாடி, வேனிலுக்கு ஒரு பாடி என்று மாற்றி மாற்றி மாட்டிய பணக்காரர்களும் இருந்தார்கள். பிற்காலத்தில் கனத்த சலூன் பாடிகளைக் கழற்றி எறிந்துவிட்டு, லெ மான் பந்தயக் காரைப் போல் திறந்த பாடி மாட்டிக்கொண்ட பென்ட்லிகள் ஏராளம். அவற்றை என்ன சொல்வது? போலி என்றால் சேஸிஸ் அழும். அசல் என்றால் சலூன் கட்டிய ஆசாரி அழுவான்.

இந்தச் சிக்கல் ஒருமுறை லண்டன் நீதிமன்றம் வரை போனது. 'ஓல்டு நம்பர் ஒன்' என்று பெயர் பெற்ற பென்ட்லி ஸ்பீடு சிக்ஸ், 1929, 1930 இரண்டு வருடமும் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை ஜெயித்த கார். பந்தயம் தவறாமல் ஓடியது, ஓட ஓடப் பாகங்கள் மாறின. 1932-ல் பிரூக்லேண்ட்ஸ் ஓடுதளத்தில் விபத்தில் சிக்கி ஓட்டியவர் இறந்தார். பிறகு மூடிய கூப்பே பாடி கட்டப்பட்டது. பல பத்தாண்டுகள் கழித்து ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசி முடித்த ஒரு நிறுவனம், "1929-ல் ஓடிய காரில் மிச்சம் இருப்பது கொஞ்சமே, இது அந்தக் கார் அல்ல" என்று பின்வாங்கியது. 1990-ல் நீதிபதி ஓட்டன் தீர்ப்பளித்தார். பாகங்கள் மாறின, ஆனால் ஒரேயடியாக அழிந்து வேறொன்றாக முளைத்த தருணம் எதுவும் இல்லை, வரலாறு அறுபடாமல் வந்திருக்கிறது, ஆகவே இது அதே கார்தான் என்பது தீர்ப்பின் சாரம். வழக்கை நான் படித்தவரையில், அதில் எனக்குப் பிடித்தது நீதிமன்றம் இரும்பை எடை போடவில்லை என்பது. கதையில் விடுபட்ட பக்கம் உண்டா என்றுதான் பார்த்தது.

பந்தயக்காரர்களும் பாடியை வைத்து விளையாடத் தெரிந்தவர்கள்தான். 1960-களில் ஜி.டி. பிரிவில் ஓட வேண்டுமானால் அந்த மாடலில் 100 கார் செய்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. ஃபெராரி 250 ஜி.டி.ஓ. மொத்தமே 36 தான் செய்யப்பட்டது. ஆனாலும் ஓடியது. இது புது மாடல் அல்ல, ஏற்கெனவே அனுமதி பெற்ற 250 ஜி.டி.யின் வளர்ச்சிதான், பாடியை மட்டும் திருத்தியிருக்கிறோம் என்பது ஃபெராரி வாதம். அமெரிக்காவில் பந்தயக் கார் செய்த ஷெல்பி அதே ஓட்டையில் தானும் நுழைந்தார். கோப்ரா என்ற திறந்த காரின் சேஸிஸ் மேல் காற்றைக் கிழிக்கும் மூடிய பாடியைக் கட்டி 'டேடோனா கூப்பே' என்று பெயர் வைத்தார். ஆறே ஆறு கார். 1965-ல் உலக ஜி.டி. உற்பத்தியாளர் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போயின. சட்டை மாறினாலும் ஆள் அதே ஆள் என்று அன்று வாதாடி ஜெயித்தவர்களின் கார்களுக்குத்தான் இன்று கோடிகளில் விலை. 2018-ல் ஒரு ஜி.டி.ஓ. 4.84 கோடி டாலருக்கு ஏலம் போனது. அதன் தகடு ஒன்று மாறினாலும் வாங்குகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்பது வேடிக்கை.

இன்றைக்கு வெளிநாட்டில் பழைய கார்ப் பந்தயத்துக்கு உள்ள முறை வேறு. சர்வதேச மோட்டார் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ., வரலாற்றுத் தொழில்நுட்பப் பாஸ்போர்ட் என்று ஒரு ஆவணம் தருகிறது. கார் எந்தக் காலப் பிரிவைச் சேர்ந்தது, அந்தக் காலத்தில் அந்த மாடலுக்கு என்ன எஞ்சின், என்ன பிரேக், என்ன பாடி வடிவம் அனுமதிக்கப்பட்டிருந்தது என்று பார்த்து, கார் அதற்குப் பொருந்தினால் பாஸ்போர்ட். கவனிக்க வேண்டியது, அது ஓடும் தகுதிக்கான சான்று மட்டுமே. இந்தக் கார்தான் அன்று ஓடியது என்பதற்கான சான்று அல்ல. அன்றைய அளவுப்படி பின்னால் கட்டிய கார்கூடப் பாஸ்போர்ட் வாங்க முடியும். பிறப்புச் சான்றிதழ் வேறு, உடல்தகுதிச் சான்றிதழ் வேறு என்று அவர்கள் பிரித்துவிட்டார்கள். பாதி வம்பு அதிலேயே தீர்ந்தது.

'வின்டேஜ்' என்ற சொல்லுக்கும் ஆளுக்கொரு அகராதி. இங்கிலாந்தின் வின்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் 1934-ல் தொடங்கியது. 1930 முடிவதற்குள் செய்த கார்தான் அவர்களுக்கு வின்டேஜ். அதாவது சங்கம் ஆரம்பித்த அன்று நாலு வயதுக் கார்களே வின்டேஜ்! பொருளாதார மந்தத்துக்குப் பிறகு வந்தவை மட்டமான சரக்கு என்ற அவர்கள் எண்ணம் அந்தக் கோட்டில் இருக்கிறது. உலகப் பழைய வாகனக் கூட்டமைப்பான எஃப்.ஐ.வி.ஏ.வுக்கு 30 வயது போதும். இந்தியாவில் 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்திருக்க வேண்டும். இங்கிலாந்துச் சங்கத்தின் கணக்கில் ஹெரால்டு ஜென்மத்துக்கும் வின்டேஜ் ஆகாது. நம் கணக்கில் ஆகிவிட்டது.

இனி அந்தக் கொட்டகைக்குத் திரும்பலாம்.

டிரையம்ஃப் ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-ல் வந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. அப்போதே மற்றக் கம்பெனிகளில் பெரும்பாலானவை சேஸிஸைக் கைவிட்டு, பாடியையே எலும்பாகவும் ஆக்கிவிட்டிருந்தன. ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் கம்பெனிக்கு முழுப் பாடி செய்துகொடுக்க ஆள் கிடைக்கவில்லை. வழக்கமாகச் செய்துகொடுத்த பட்டறையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. அதனால் பழையபடி தனிச் சேஸிஸ், அதன் மேல் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்த பாடியைப் போல்ட் போட்டுப் பூட்டினார்கள். இந்த வறுமையில் பிறந்த ஏற்பாடே ஹெரால்டுக்கு அழியா வரமானது. அந்தச் சேஸிஸின் வடிவத்தைக் குறுக்கி 1962-ல் செய்த ஸ்போர்ட்ஸ் கார்தான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். 1965-ல் அது லெ மானில் தன் பிரிவை ஜெயித்தது. ஹெரால்டு சேஸிஸ் மேல் கண்ணாடியிழைப் பாடி வைத்து எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார் போலவே செய்துகொள்ளும் சாமான் கட்டுகள்கூட இங்கிலாந்தில் விற்றன.

சென்னை பெருங்களத்தூர்-வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961-லிருந்து அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் செய்யப்பட்டது, 948 சி.சி. எஞ்சினோடு. ஆரம்பத்தில் இரண்டு கதவு. நம் குடும்பங்களுக்கு இரண்டு கதவு ஒத்துவருமா? முன்சீட்டை மடக்கிப் பாட்டியைப் பின்னால் ஏற்றுவதற்குள் முகூர்த்தம் தாண்டிவிடும். 1968-ல் நாலு கதவு ஹெரால்டு வந்தது. பிறந்த நாடான இங்கிலாந்தில் அப்படி ஒன்று வரவே இல்லை. 1972-ல் அதையே மாற்றி கெசல் என்று விட்டார்கள். வளைவில் பின்சக்கரம் உள்ளே மடங்கும் பழைய ஊசல் அச்சு போய், நேர் அச்சு வந்தது.

ஓடுதளமும் தூரத்தில் இல்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கியது. ரெட்ஹில்ஸ் தாண்டி சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் நிரந்தரத் தடம் வரும்வரை தென்னாட்டுக் கார்ப் பந்தயம் என்றால் சோழவரம்தான். ராஜா வீட்டு வெளிநாட்டுப் பந்தயக் காரும் நம்மூர் ஃபியட்டும் ஹெரால்டும் ஒரே நாளில் ஓடிய இடம். பம்பரைக் கழற்றி, பின்சீட்டைத் தூக்கி, சைலன்சரை மாற்றி, வீட்டுக் காரையே பந்தயக் காராக்கினார்கள். 80-களில் பெங்களூரில் செய்த கண்ணாடியிழைப் பாடிச் சிபானி டால்பின் வந்தபோது, இதன் எடையே பாதி ஜெயிப்பு என்று பந்தயக்காரர்கள் அதைத் தேடிப்போனார்கள். பாடி வித்தியாசம் எப்படி நேரத்தைக் குறைக்கும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. இந்தச் சண்டையே வேண்டாம் என்று முடிவுகட்டியவர் கோவை கரிவரதன். மாருதி எஞ்சின் வைத்து ஒரே மாதிரி ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைச் செய்து, எல்லோருக்கும் ஒரே கார், திறமை இருந்தால் ஜெயி என்றார். அந்த வகைக் காரில்தான் பந்தய ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் பழகினார். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். புதுக் காருக்கு அவர் வழி சரி. ஏற்கெனவே பிறந்து வளர்ந்து அடிபட்ட காருக்கு அது உதவாது.

அன்று கொட்டகையில் நான் குனிந்து பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. எல்லோரும் "வெட்டினது" என்கிறார்கள், ஆனால் கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பிலும் பின்பக்கமும் வெட்டுத் தடமே இல்லை. வரிசையாகப் போல்ட் துளைகள்தான். இரண்டு கதவு ஹெரால்டின் கூரை போல்ட்டில் நிற்பது. கழற்றினால் வந்துவிடும். இங்கிலாந்துத் தொழிற்சாலையே 1960-லிருந்து கூரையில்லாத ஹெரால்டை விற்றிருக்கிறது. அப்படியென்றால் அப்பா செய்தது மாற்றமா, இல்லை தொழிற்சாலை திறந்துவைத்த கதவுக்குள் நுழைந்ததா?

ஆர்.சி. புத்தகத்தில் சலூன் என்று இருக்கிறது. 2021 விதி, கார் மூல வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி ஷெல், எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்கிறது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடம் கழித்துப் புதுப்பிக்க 5,000. ஏற்கெனவே பதிந்த கார் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, பெட்ரோல், பராமரிப்பு என்று போகலாமே தவிர அன்றாடம் ஓட்டக் கூடாது. நோக்கம் நல்ல நோக்கம். பழைய கார்கள் காயலான் கடைக்குப் போவதைத் தடுத்ததற்கு அந்த விதிக்குக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் "மூல வடிவம்" என்ற சொல்லில்தான் எனக்குச் சண்டை. தொழிற்சாலை வாசலைத் தாண்டிய அன்றோடு காரின் சரித்திரம் முடிந்துவிட்டதாக அது நினைக்கிறது.

மதுரையிலேயே இதற்கு மறுப்பு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, இந்த ஊரில் வேரூன்றிய டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கலன் செய்து விற்றது. பஸ்ஸிலும் காரிலும் அடுப்பு மாதிரி ஒன்றை மாட்டி, கரியை எரித்து, வரும் வாயுவில் எஞ்சினை ஓட்டினார்கள். அப்படி ஒரு கலனோடு 1938 மாடல் கார் ஒன்று இன்று ஏதாவது மாட்டுக் கொட்டகையிலிருந்து கிடைத்தால், அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் பளபளவென்று வர்ணம் அடிப்பதா? கழற்றினால் தொழிற்சாலைக்கு விசுவாசம். கழற்றாவிட்டால் மதுரைக்கு விசுவாசம். எஃப்.ஐ.வி.ஏ. 2012-ல் ஏற்ற டூரின் சாசனம், ஒரு வாகனம் தன் வாழ்நாளில் பெற்ற மாற்றங்களும் அதன் வரலாற்றைச் சேர்ந்தவை என்ற பக்கம்தான் சாய்கிறது. நானும் அந்தப் பக்கம்தான்.

சேஸிஸ்தான் கார், பாடி வெறும் சட்டை என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. ஹெரால்டுக்கு அது பொருந்தும். அம்பாசடருக்கும் ஃபியட் 1100-க்கும் பொருந்தாது, அவற்றில் பாடியே எலும்பு. அம்பாசடரின் கூரையை வெட்டினால் கார் நடுவில் தொய்ந்து, கதவு சாத்தாது. அப்படி வெட்டிய கார்களைத் தேர்தல் பிரசாரத்தில் பார்த்திருக்கிறேன், மேடு ஏறும்போது கதவு தானாகத் திறந்துகொள்ளும். அதைப் பந்தயத்தில் விடுவது கொலை. மறுபுறம், வெளியே துளி மாறாத அம்பாசடருக்குள் பெட்ரோல் எஞ்சின் போய் டீசல் எஞ்சின் உட்கார்ந்திருக்கும். பார்வைக்கு அசல், உள்ளே வேறு ஆள். அணிவகுப்பில் கைதட்டு வாங்கும், பந்தயத் தகுதியில் முதல் சுற்றிலேயே விழ வேண்டிய கார் அது. பந்தயம் என்று வந்தால் பெல்ட்டும் கவிழ்ந்தால் காக்கும் கம்பிக்கூடும் மாட்டியே ஆக வேண்டும். அதை மாட்டினால் மூல வடிவம் என்னாகும் என்று நம் பதிவு விதியைக் கேட்டால் அதனிடம் பதில் இல்லை. பிறப்புச் சான்றையும் உடல்தகுதிச் சான்றையும் நாமும் பிரிக்க வேண்டிய இடம் இதுதான்.

இன்னொரு ஆபத்தையும் சொல்லாமல் விட முடியாது. அந்தக் காலத்து மாற்றம் என்ற சலுகையைக் கொடுத்தால், நேற்று வெட்டியவனும் எழுபதில் வெட்டியது என்பான். வண்டி ஒன்று, புக் வேறொன்று என்பது நம் சந்தையில் தெரியாத வித்தையா? அதனால் மாற்றம் உண்டா இல்லையா என்று மட்டும் கேட்டுப் பயனில்லை. எப்போது மாறியது, அதற்கு என்ன சாட்சி என்று கேட்க வேண்டும். பாதுகாப்பு கெடாமல், சாட்சியோடு, அந்தக் காலத்திலேயே செய்த பாடி மாற்றம் என்றால் பதிவும் கொடுக்கலாம், அதற்கென்று ஒரு பிரிவில் ஓடவும் விடலாம். சாட்சி இல்லையென்றால் கூரையைத் திரும்ப மாட்டச் சொல்லலாம். நாலு கதவு ஹெரால்டு போல இந்தியாவில் மட்டும் பிறந்த பாடிகளை ஒப்பிட வெளிநாட்டுத் தாள் எங்கே கிடைக்கும்? அந்தப் பட்டியலை நாம்தான் போட வேண்டும். 1971-ல் அமைந்த இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பு அதற்குப் பொருத்தமான இடம்.

அந்த ஹெரால்டுக்காரரிடம் சாட்சி இருக்கிறதா என்று கேட்டேன். பில் இல்லை, கூரையும் போன இடம் தெரியாது. அப்பா இல்லை. ஆனால் அந்தக் கார் இருநூறு முந்நூறு மாப்பிள்ளைகளைச் சுமந்திருக்கும் என்றார். நாதஸ்வரம் முன்னால் போக, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், கூரையில்லாக் காரில் மாலையோடு உட்கார்ந்த மாப்பிள்ளை. ஸ்டுடியோக்காரர் படம் எடுக்காமல் விட்டிருக்க மாட்டார். சாட்சி அவர் வீட்டில் இல்லை, ஊரார் வீட்டு ஆல்பங்களில் இருக்கிறது.

மதுரையிலோ சுற்றுப்பட்டிலோ 70, 80-களில் கல்யாணம் நடந்த வீடாக உங்கள் வீடு இருந்தால், ஆல்பத்தை எடுத்து மாப்பிள்ளை அழைப்புப் படத்தை ஒருமுறை பாருங்கள். காரின் நம்பர் தெரிகிறதா, படத்தின் பின்னால் தேதி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை எறிந்துவிடாதீர்கள்.